மூன்றாம் நாள் மாத்திரை

“அந்த மாத்திரையால்தானே?” எங்கள் குடும்பத்தில் சில வருடங்களாக ஓயாத கேள்வி இது. தங்கையின் மாமியார் கேட்டால் அதில் குற்றச்சாட்டு தொனிக்கும். எங்கள் அம்மா கேட்டால் பயம். தங்கை வாய்விட்டுக் கேட்பதே இல்லை. ஆனால் மகன் மாடிப்படி ஏறி வந்து சற்று மூச்சு வாங்கினால் போதும், அவள் முகத்தில் அந்தக் கேள்வியைப் பார்க்கலாம். பையனுக்கு இப்போது பள்ளிக்கூட வயது. தெரு முழுக்க ஓடுகிறான், பக்கத்து வீட்டுச் சுவரேறிக் குதிக்கிறான், பெரியம்மாவின் நடையை என் கண்ணெதிரே நடித்துக் காட்டுகிறான். பிறந்தபோது அவன் இதயத்தில் ஒரு சிறு ஓட்டை இருந்தது. இரண்டு வயதுக்குள் அது தானாக மூடிக்கொண்டது. அதன் பிறகும் கேள்வி நிற்கவில்லை.

மாத்திரையின் பெயர் லெட்ரோசோல். நீர்க்கட்டி என்றும் முறையில்லாத மாதவிலக்கு என்றும் சொல்லப்பட்டுக் குழந்தையின்மைச் சிகிச்சைக்குப் போன பெண்களுக்கு இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. விலக்கான இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் தொடங்கி ஐந்து நாள் சாப்பிட வேண்டும். பிறகு ஸ்கேன், இன்னொரு ஸ்கேன், முட்டை வளர்ந்ததா, வெடித்ததா என்ற விசாரணை, தேவைப்பட்டால் முட்டையை வெடிக்க வைக்க ஓர் ஊசி. தங்கைக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை விலக்கானால் பெரிது. 2018-ல் திருச்சியில் ஒரு மருத்துவர் இதை எழுதிக் கொடுத்தார். சீட்டை எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனவள் அழுதுகொண்டே திரும்பி வந்தாள். கடைக்காரர் கூட்டத்துக்கு நடுவே, “இது மார்பகப் புற்றுநோய் மாத்திரை அம்மா. குழந்தைக்காக இதைக் கொடுக்கக்கூடாது என்று அரசாங்கமே தடை போட்டதே, உங்கள் டாக்டருக்குத் தெரியாதா?” என்று கேட்டிருக்கிறார். பெட்டிக்குள் இருந்த மடிப்புத்தாளையும் பிரித்துக் காட்டியிருக்கிறார். கர்ப்பிணிகள் உட்கொள்ளக்கூடாது, சிசுவுக்குக் கேடு விளையலாம் என்று அதில் அச்சாகியிருந்தது.

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் சங்கடம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோய்க்காகவே லெட்ரோசோல் உருவாக்கப்பட்டது. அமெரிக்காவில் 1997-ல் அனுமதி பெற்றது. 2001-ல்தான் கனடாவைச் சேர்ந்த மிட்வாலி, காஸ்பர் என்ற இரு மருத்துவர்கள் இதைக் கொண்டு கருமுட்டையை வளர்க்க முடியும் என்று எழுதினார்கள். இந்தியாவில் குழந்தையின்மைக்கு இதைப் பயன்படுத்த ஒரு கட்டத்தில் அனுமதி கிடைத்தது. 2011 அக்டோபரில் மத்திய அரசு, மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் 26ஏ பிரிவின்படி அந்தப் பயன்பாட்டைத் தடை செய்தது. முன்பு அனுமதி வழங்கப்பட்ட விதத்தை 2012-ல் நாடாளுமன்ற நிலைக்குழு கடுமையாக விமர்சித்தது. 2017-ல் அரசே தடையை விலக்கிக்கொண்டது. தடை வந்தால் தலைப்புச் செய்தி. விலகினால் எட்டாம் பக்கத்தில்கூட இடம் கிடைக்காது. கடைக்காரரின் நினைவு 2011-ல் நின்றுவிட்டிருந்தது, அவ்வளவுதான். மடிப்புத்தாள் சொல்வதும் உண்மைதான். கருவுற்ற விலங்குகளுக்கு இதைக் கொடுத்தபோது குட்டிகளுக்குக் குறைபாடுகள் வந்தன. அதனால்தான் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே மருத்துவர்கள் மாத்திரையைத் தொடங்கச் சொல்கிறார்கள். ஆனால் கருவுற்றவள் சாப்பிடுவதும் கருவுறுவதற்கு முன் சாப்பிட்டு நிறுத்திவிடுவதும் ஒன்றல்ல என்பதை அந்தத் தாள் சொல்லாது. தாள் புற்றுநோயாளிக்காக எழுதப்பட்டது.

தங்கை மாத்திரையைச் சாப்பிட்டாள். சில மாதங்களில் உண்டானாள். ஐந்தாம் மாத ஸ்கேனில் எல்லாம் சரி என்றார்கள். நிறைமாதத்தில் நல்ல எடையோடு பையன் பிறந்தான். மறுநாள் பரிசோதித்த குழந்தை நல மருத்துவருக்கு இதயத்துடிப்போடு கூட ஒரு முணுமுணுப்புக் கேட்டது. எக்கோ எடுத்தார்கள். கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவரில் ஓட்டை. ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் எட்டு, ஒன்பது பேருக்கு ஏதாவது ஓர் இதயக்குறை இருக்கும், அவற்றில் முதலிடம் இந்த ஓட்டைக்கு, சிறியதாக இருந்தால் பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும் என்றெல்லாம் சொன்னார்கள். பிரசவ அறையிலிருந்து வந்த மறுநாள் ஒரு பெண்ணுக்கு ஆயிரத்தில் எட்டு என்பதில் என்ன ஆறுதல் இருக்க முடியும்? அவளிடம் இருந்தது ஒரே குழந்தை. அன்று மாலை மாமியார் முதல்முறையாக அந்தக் கேள்வியைக் கேட்டார்.

எக்கோ அறிக்கையின் பின்பக்கம்

சில வாரங்கள் கழித்துக் குழந்தைகளுக்கான இதய மருத்துவர் ஒருவரிடம் போனோம். தங்கை, அவள் கணவர், மாமியார், நான். அதிகம் பேசாத மனிதர். குழந்தையைப் பரிசோதித்துவிட்டு, பால் குடிக்கும்போது வியர்க்கிறதா, எடை ஏறுகிறதா என்று கேட்டார். பயப்பட வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள் என்று சீட்டை நீட்டினார். வாங்காமல் நின்றார் மாமியார். “டாக்டர், இவள் புற்றுநோய் மாத்திரை சாப்பிட்டுத்தான் உண்டானாள். அதனால்தானே பிள்ளைக்கு இப்படி?” என்றார். அறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. தங்கை குழந்தையின் சாக்ஸை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது.

மருத்துவர் பதில் சொல்லவில்லை. “கடைசியாக விலக்கான தேதி நினைவிருக்கிறதா?” என்று தங்கையிடம் கேட்டார். குழந்தைக்காகக் காத்திருந்த பெண்ணுக்கு அந்தத் தேதி மறக்குமா, உடனே சொன்னாள். எக்கோ அறிக்கையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ஒரு கோடு கிழித்தார். அதில் முதல் நாளைக் குறித்தார். மூன்று முதல் ஏழு வரை சிறு சிறு புள்ளிகள்: மாத்திரை. பதினைந்தாவது நாளில் ஒரு வட்டம்: முட்டை வெடித்தது. அங்கிருந்து பேனாவைத் தள்ளிக்கொண்டுபோய், ஏறக்குறைய மூன்று வாரம் தாண்டி ஒரு பெருக்கல் குறி போட்டார். “குழந்தையின் இதயம் இங்கேதான் உருவாகத் தொடங்குகிறது. இந்தச் சுவர் எழும்பி மூட இன்னும் சில வாரம் ஆகும். கடைசி மாத்திரைக்கும் இதற்கும் நடுவே எத்தனை நாள் என்று நீங்களே எண்ணுங்கள் அம்மா” என்று தாளை மாமியார் பக்கம் தள்ளினார். லெட்ரோசோல் உடம்பில் பாதியாகக் குறைய இரண்டு நாள் போல ஆகும் என்றும் சொன்னார். அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் கணக்குப் போட்டேன். கூட்டுறவு வங்கியில் வட்டி போட்டே வயதானவள். எண் கிடைத்தால் விடமாட்டேன். இரண்டு நாளுக்கு ஒரு முறை பாதியானால், முட்டை வெடிக்கும் நாளில் மீதமிருப்பது பதினாறில் ஒரு பங்கு. இதயம் தொடங்கும் நாளுக்குள் பதினான்கு முறை பாதியாகியிருக்கும். அதாவது பதினாறாயிரத்தில் ஒரு பங்கு. இதைத் தங்கையிடம் சொன்னேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி தலையசைத்தாள். மாமியார் முன் இருக்கையிலிருந்து திரும்பினார். “சரி, பிள்ளையின் இதயம் உருவாகும்போது மாத்திரை இல்லை. ஆனால் அந்த முட்டை மாத்திரைக்குள்தானே வளர்ந்தது?” என்றார்.

எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர். அந்தக் கேள்வியின் கூர்மை என்னை அசர வைத்தது. அவர் மேல் எனக்கிருந்த கோபத்தையும் மீறி அதை ஒத்துக்கொள்ள வேண்டியிருந்தது. முட்டை முதிரும் நாட்களில் மருந்து உடம்பில் இருக்கத்தான் செய்கிறது, அதற்காகத்தானே கொடுக்கிறார்கள். நாட்கணக்கு ஒரு கதவை மூடுகிறது, இன்னொன்று திறந்தே இருக்கிறது. அதை மூட வேறு வழியில்லை. மருந்து சாப்பிட்டவர்களின் குழந்தைகளை வரிசையாக நிறுத்தி எண்ண வேண்டும். அன்றிலிருந்துதான் கிடைத்ததையெல்லாம் படிக்கத் தொடங்கினேன்.

150 குழந்தைகளும் 36,050 குழந்தைகளும்

இந்தப் பயம் எங்கிருந்து கிளம்பியது என்று தேடிப்போனால் ஒரு மாநாட்டில் போய் முட்டும். 2005-ல் மான்ட்ரியல் நகரில் நடந்த கருத்தரிப்பு மருத்துவ மாநாட்டில் பில்ஜானும் அவருடைய சகாக்களும் ஓர் ஆய்வுச் சுருக்கத்தை முன்வைத்தார்கள். லெட்ரோசோல் சாப்பிட்டுப் பிறந்த 150 குழந்தைகளில் எலும்பு, இதயக் குறைகள் கூடுதலாகத் தெரிகின்றன என்றது அது. உலகம் முழுக்க அலை பரவியது. லெட்ரோசோலை விற்றுவந்த நோவார்டிஸ் நிறுவனமே அதே ஆண்டு நவம்பரில், மாதவிலக்கு நிற்காத பெண்களுக்கு இதைக் கொடுக்காதீர்கள் என்று மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதியது. அந்தச் சுருக்கம் முழு ஆய்வுக் கட்டுரையாக அச்சேறவே இல்லை.

150 குழந்தைகளை எந்தக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஒப்பீட்டுக்கு எடுத்தவை, ஆபத்துக் குறைந்த பிரசவங்களைக் கவனிக்கும் மருத்துவமனை ஒன்றில் பிறந்த 36,050 குழந்தைகள். சிக்கலான கர்ப்பம் என்றால் அந்தத் தாய் அங்கே பிரசவிப்பதே அரிது; வேறு பெரிய இடத்துக்கு அனுப்பப்பட்டுவிடுவாள். மருந்து சாப்பிட்ட தாய்மார்களோ வயதிலும் மூத்தவர்கள். ஒரு பக்கம் வருடக்கணக்கில் குழந்தைக்கு ஏங்கியவர்கள், மறுபக்கம் எந்தத் தொல்லையும் இல்லாமல் கருவுற்ற இளம்பெண்கள். இப்படி எடை போட்டால் தராசு ஒரு பக்கம் சாயாமல் என்ன செய்யும்?

மறு ஆண்டே, 2006-ல், துலாந்தியும் சகாக்களும் கனடாவின் ஐந்து மையங்களில் பிறந்த 911 குழந்தைகளின் பதிவுகளை எடுத்தார்கள். அவர்கள் செய்தது எளிய காரியம். லெட்ரோசோல் சாப்பிட்டவர்களின் குழந்தைகளை, வேறு மாத்திரை சாப்பிட்டுக் கருவுற்றவர்களின் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். அந்த வேறு மாத்திரை குளோமிஃபீன். 1967-ல் அமெரிக்க அனுமதி பெற்றது, நம் பெரியம்மாக்கள் காலத்திலிருந்து எழுதப்படுவது, யாரும் பயப்படாதது. பெரிய பிறவிக்குறைகள் லெட்ரோசோல் பக்கம் 514 குழந்தைகளில் 6 பேருக்கு, அதாவது 1.2 சதவீதம், குளோமிஃபீன் பக்கம் 397-ல் 12 பேருக்கு, 3 சதவீதம். இதயக்குறைகளை மட்டும் எடுத்துக்கொண்டால் லெட்ரோசோல் பக்கம் ஒரே ஒரு குழந்தைக்கு. குளோமிஃபீன் பக்கம் ஏழு பேருக்கு. இதை வைத்துக்கொண்டு லெட்ரோசோல் இதயத்தைக் காக்கும் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பக்கூடாது, எண்ணிக்கை சிறியது. எந்தக் கர்ப்பத்திலும் நூற்றுக்கு இரண்டு, மூன்று குழந்தைகளுக்குப் பெரிய குறை இருக்கும் என்பதை மனத்தில் வைத்துப் பார்த்தால், பழைய பயத்துக்கு ஆதாரம் இல்லை என்ற அளவுக்குத்தான் இதைப் படிக்கலாம். குளோமிஃபீனின் இரு கூறுகளில் ஒன்று உடம்பில் வாரக்கணக்கில் தங்கும் என்பது நான் பிறகு படித்தது. நாட்கணக்கு பார்த்துப் பயப்படுவதானால் முதலில் அதற்குத்தான் பயந்திருக்க வேண்டும். பெட்டியில் புற்றுநோய் என்று அச்சிடாததால் அது தப்பித்துக்கொண்டது.

2014-ல் வந்தது இன்னும் கறாரான சோதனை. அமெரிக்காவில் நீர்க்கட்டிப் பிரச்சினை உள்ள 750 பெண்களைச் சீட்டுக் குலுக்கிப் போட்டதுபோல் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு லெட்ரோசோல், மறுபாதிக்குக் குளோமிஃபீன் கொடுத்தார்கள். குழந்தை பெற்றவர்கள் லெட்ரோசோல் பக்கம் 27.5 சதவீதம், குளோமிஃபீன் பக்கம் 19.1 சதவீதம். பெரிய பிறவிக்குறை லெட்ரோசோல் பக்கம் நான்கு குழந்தைகளுக்கு, குளோமிஃபீன் பக்கம் ஒரு குழந்தைக்கு. தற்செயலாகவும் இப்படி வரலாம் என்று புள்ளியியல் சொன்னது. பயந்தவர்கள் அந்த நான்கைப் பிடித்துக்கொள்வார்கள், நம்புகிறவர்கள் துலாந்தியின் ஆறைப் பிடித்துக்கொள்வார்கள். 2021-ல் அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்த ஒரு மதிப்பாய்வு, இயற்கையாகக் கருவுற்றவர்களோடு ஒப்பிட்டாலும் குளோமிஃபீனோடு ஒப்பிட்டாலும் லெட்ரோசோலால் குறைகள் கூடுவதாகத் தெரியவில்லை என்றது. நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு முதலில் தர வேண்டிய மருந்து இதுவே என்று சர்வதேச வழிகாட்டுதல்கள் 2018-லேயே சொல்லிவிட்டன. இத்தனைக்கும் அமெரிக்காவில் இந்தப் பயனுக்கென்று இதற்கு உரிமம் கிடையாது. காப்புரிமை முடிந்த மருந்துக்குப் பணம் செலவழித்து உரிமம் வாங்க யார் முன்வருவார்கள்? ஆகவே மடிப்புத்தாள் மாறாது. மருந்துக்கடைகளில் பெண்கள் அழுவதும் தொடரும்.

என் மனத்தில் ஆழமாகத் தைத்தது டென்மார்க்கின் ஆய்வு. அங்கே கர்ப்பிணிகளை ஆயிரக்கணக்கில் பதிவு செய்து, பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். 2006-ல் வெளியான அந்த ஆய்வில் பெண்களை மூன்றாகப் பிரித்தார்கள்: ஓராண்டுக்குள் கருவுற்றவர்கள், ஓராண்டுக்கு மேல் காத்திருந்து மருந்தில்லாமலே கருவுற்றவர்கள், சிகிச்சை எடுத்துக் கருவுற்றவர்கள். சிகிச்சை எடுத்தவர்களின் குழந்தைகளுக்குப் பிறவிக்குறை ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல். இதோடு நிறுத்தியிருந்தால் மாமியார்கள் வென்றிருப்பார்கள். ஆனால் ஒரு மாத்திரைகூடத் தொடாமல், வெறுமனே காத்திருந்து கருவுற்றவர்களின் குழந்தைகளுக்கும் ஏறத்தாழ 20 சதவீதம் கூடுதல். காத்திருந்த காலம் நீள நீள இதுவும் ஏறியது. தாமதத்துக்குக் காரணமான ஏதோ ஒன்று, வயதோ, நீர்க்கட்டியோ, கணவனின் விந்தணுவோ, குழந்தையிலும் கொஞ்சம் தன் கையைக் காட்டுகிறது. 2012-ல் தெற்கு ஆஸ்திரேலியாவின் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களை ஆராய்ந்தபோதும் கிட்டத்தட்ட இதே கதைதான்: சிகிச்சை வழி வந்த கருக்களில் 8.3 சதவீதம், மற்றவற்றில் 5.8 சதவீதம் குறைபாடு. வயது முதலான மற்ற காரணங்களைக் கழித்துப் பார்த்தபோது சாதாரணச் சோதனைக்குழாய் முறைக்கான வித்தியாசம் கரைந்தது, விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தும் முறைக்கு மட்டும் நின்றது. இந்த எண்கள் ஏன் இவ்வளவு பெரிதாக இருக்கின்றன என்று திகைக்க வேண்டாம். அவர்கள் ஐந்து வயது வரை தெரியவந்த குறைகளையும், கலைக்கப்பட்ட கருக்களையும் சேர்த்து எண்ணினார்கள். தேடித்தேடி எண்ணினால் எண் பெரிதாகத்தான் வரும்.

நம் ஊரில் இப்படி எண்ண முடியுமா என்று யோசித்தேன். தமிழ்நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் பிக்மி என்ற அரசுப் பதிவு எண் உண்டு. கிராமச் சுகாதாரச் செவிலியர் வீட்டுக்கே வந்து இரத்தச்சோகை, இரத்த அழுத்தம் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போனார். எந்த மாத்திரை சாப்பிட்டு உண்டானாய் என்று என் தங்கையிடம் ஒருவரும் கேட்கவில்லை. 2021-ல் வந்த மத்தியச் சட்டம் கருத்தரிப்பு மையங்களைப் பதிவுக்குள் கொண்டுவந்தது நல்லதுதான். ஆனால் உடலுக்கு வெளியே விந்தணுவையோ முட்டையையோ கையாளும் சிகிச்சைகளைத்தான் அது பேசுகிறது. மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு வீட்டில் இருந்தபடியே கருவுற்றவர்கள் அந்த வரையறைக்குள் வரமாட்டார்கள். அதனால்தான் எங்கள் வீட்டு விவாதத்தை முடிக்க டென்மார்க்குக்கும் கனடாவுக்கும் போக வேண்டியிருக்கிறது.

இரட்டை என்றால் இனிப்பு

இத்தனையும் படித்த பிறகு எனக்கு வந்த எரிச்சல் வேறு திசையில் போனது. கருத்தரிப்பு மருந்துகளால் குழந்தைக்கு ஆபத்தே இல்லையா? இருக்கிறது. ஐம்பது வருடமாக எல்லோருக்கும் தெரிந்த, எந்த ஆய்விலும் மறுக்கப்படாத ஆபத்து. அது வரும்போது நாம் இனிப்பு வாங்கிக் கொடுக்கிறோம்.

எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கு, மாத்திரைக்குப் பதிலாக முட்டைகளை வளர்க்கப் போடும் ஹார்மோன் ஊசியில் இரட்டைக் கரு தங்கியது. வளைகாப்பில் வந்தவர்கள் எல்லோரும், “ஒரே பிரசவத்தில் வேலை முடிந்தது” என்று வாழ்த்தினார்கள். எட்டாம் மாதம் தொடங்குவதற்கு முன்பே வலி வந்துவிட்டது. குழந்தைகள் இரண்டும் பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவில், மூக்கில் குழாயோடு. நுரையீரல், மஞ்சள்காமாலை, தொற்று. 34 வாரத்துக்கு முன் பிறந்தாலோ எடை இரண்டு கிலோவுக்குக் குறைந்தாலோ, பிறந்து முப்பது நாளுக்குள் விழித்திரையைப் பரிசோதித்தாக வேண்டும் என்பதையே அப்போதுதான் அறிந்தோம். தவறவிட்டால் பார்வை போய்விடலாம். அந்தப் பெண் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நின்று பால் பிழிந்து கொடுத்தாள். அவளுடைய கணவர் நிலத்தை அடமானம் வைக்க எங்கள் வங்கிக்கே வந்தார். குழந்தைகள் இரண்டும் பிழைத்தன. ஒருவன் நடக்கத் தாமதமாகி, இப்போது பயிற்சிக்குப் போய்வருகிறான். “அந்த ஊசியால்தானே?” என்று அந்த வீட்டில் இதுவரை ஒருவரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. அவர்கள் பார்வையில் குழந்தைகள் சீக்கிரம் வந்துவிட்டார்கள், அது விதி.

இரட்டைக் குழந்தைகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் 37 வாரத்துக்கு முன்பே பிறக்கிறார்கள். பெருமூளை வாதம் ஒற்றைக் குழந்தைகளைவிடப் பல மடங்கு கூடுதல்; மூன்று என்றால் இன்னும் மோசம். 1997-ல் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில், கருத்தரிப்பு மருந்து எடுத்துக்கொண்ட ஒரு பெண்ணுக்கு ஒரே பிரசவத்தில் ஏழு குழந்தைகள். ஏழும் பிழைத்தன. உலகமே கொண்டாடியது, வீடுகூடக் கிடைத்தது. அவர்களில் இருவருக்குப் பெருமூளை வாதம் என்பது கொண்டாட்டம் அடங்கிய பிறகு வந்த சிறு செய்தி.

இங்கேதான் பழிக்கப்பட்ட லெட்ரோசோலின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் உற்பத்தியை அது சில நாள் தடுக்கிறது. இது குறைந்துவிட்டதே என்று மூளை எஃப்எஸ்எச் என்ற இன்னொரு ஹார்மோனை அதிகம் சுரந்து முட்டையை வளர்க்கிறது. முட்டை வளர வளர அதுவே ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும். மருந்தும் அதற்குள் வடியத் தொடங்கிவிடுவதால், போதும் என்ற சேதி மூளைக்கு ஒழுங்காகப் போய்ச் சேர்கிறது. ஆகவே பெரும்பாலும் ஒரு முட்டைதான் முதிரும். குளோமிஃபீன், ஈஸ்ட்ரோஜன் வந்து அமரும் இடத்தையே நெடுநாள் அடைத்துக்கொள்கிறது. சேதி தாமதமாகப் போகும், ஒன்றுக்கு மேல் முட்டைகள் வளரும். மேலே சொன்ன 2014 சோதனையில் கருவுற்றவர்களில் இரட்டை, லெட்ரோசோலுக்கு 3.4 சதவீதம், குளோமிஃபீனுக்கு 7.4 சதவீதம். ஊசியின் கதையே வேறு. 2015-ல் வெளியான இன்னொரு சோதனையில், காரணம் தெரியாத குழந்தையின்மை உள்ள 900 தம்பதிகள். ஊசி எடுத்தவர்களில் 32.2 சதவீதத்தினருக்குக் குழந்தை பிறந்தது, மூன்று பிரிவுகளில் அதுவே அதிகம். ஆனால் ஊசியால் தங்கிய கருக்களில் மூன்றில் ஒன்றை ஒட்டி இரட்டையோ மூன்றோ. அதே சோதனையில் லெட்ரோசோல் எடுத்தவர்களில் 18.7 சதவீதத்தினர்தான் குழந்தை பெற்றார்கள், குளோமிஃபீன் 23.3. ஆக லெட்ரோசோல் எல்லாருக்கும் சிறந்தது என்று நான் சொல்ல வரவில்லை. நீர்க்கட்டிக்கு அது பொருந்துகிறது, மற்றவர்களுக்கு வேறு கணக்கு.

சென்ற வருடம் எங்கள் கிளையில் வேலை செய்யும் ஒரு பெண், மதிய உணவின்போது, “அக்கா, மாத்திரை வேண்டாம், ஊசியே போடுங்கள் என்று டாக்டரிடம் சொல்லப் போகிறேன். இரட்டை கிடைக்குமாமே, ஒரே செலவு” என்றாள். அவளுக்கு வயது முப்பத்தைந்து, கடன் வாங்கிச் சிகிச்சை எடுப்பவள். இந்தக் கணக்கு அவளுக்கு ஏன் இனிக்கிறது என்பது எனக்கு நன்றாகப் புரியும். எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தகுதியில்லை, அது டாக்டர் முடிவு. ஸ்கேனுக்குப் போகும்போது முட்டை வளர்ந்ததா என்று மட்டும் கேட்காதே, எத்தனை வளர்ந்திருக்கின்றன, எத்தனைக்கு மேல் போனால் இந்த மாதத்தை நிறுத்துவீர்கள் என்று முன்கூட்டியே கேள் என்றேன். இதை எந்த மருத்துவரும் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். எடுத்துக்கொண்டால் மருத்துவரை மாற்றலாம்.

அவள் கேட்டாள். இரண்டாவது மாதமே ஸ்கேனில் நான்கு முட்டைகள் பெரிதாக வளர்ந்து நின்றன. மருத்துவர், வெடிக்க வைக்கும் ஊசி இந்த மாதம் கிடையாது, கணவரோடும் சேர வேண்டாம், அடுத்த முறை அளவைக் குறைத்துக் கொடுக்கிறேன் என்று அனுப்பிவிட்டார். அவள் வங்கிக்கு வந்து கணினியைக்கூடத் திறக்காமல் என் மேசைக்கு முன் நின்றாள். “நான்கும் நல்ல முட்டைகள் அக்கா. பத்து நாள் ஊசிக்குக் கொடுத்த பணம் போச்சு. நீங்கள் சொல்லிக் கொடுத்த கேள்வியால்தான் டாக்டர் உஷாராகிவிட்டார்” என்றாள். டாக்டர் செய்தது சரி என்றேன். கொஞ்ச நாள் அவள் எங்கள் மேசைக்குச் சாப்பிட வரவில்லை.